வீட்டுக் கேள்விகள்: அண்டர்கிரவுண்டில் ஊறும் தண்ணீர்

சித்திரையில் மொட்டை மாடிச் சூடு, ஆடியில் காற்றுக்கு அடித்துக்கொள்ளும் ஜன்னல், ஐப்பசி பிறந்துவிட்டால் அண்டர்கிரவுண்டில் தண்ணீர். இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களை வைத்தே என்ன மாதம் என்று சொல்லிவிடலாம். இந்த முறை வந்ததில் பெரும்பாலானவை ஒட்டு வீட்டுக்காரர்களுடையவை, அதாவது பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிக் கட்டிய வீட்டுக்காரர்களுடையவை, அதனால் முழுப் பகுதியையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

தொடங்கும் முன் ஒரு வார்த்தைக் குழப்பம். நம்ம பக்கத்துக் கொத்தனாரிடம் 'பேஸ்மென்ட்டில் தண்ணீர் வருது' என்று சொன்னால், மண்ணுக்கு மேலே இரண்டு மூன்று அடி கட்டுகிற பேஸ்மட்டத்தைத்தான் நினைத்துக்கொள்வார். 'சம்ப்' என்றால் குடிதண்ணீர்த் தொட்டி. ஆகவே பூமிக்குள் இருக்கிற அறையை அண்டர்கிரவுண்ட் என்றும், ஊறுகிற தண்ணீரைச் சேர்த்து வெளியேற்றும் குழியை வடிகுழி என்றும் எழுதுகிறேன். வேலைக்கு ஆள் பிடிக்கும்போது நீங்களும் அப்படியே சொல்லுங்கள், இல்லாவிட்டால் சம்ப் கட்ட ஆள் வந்து நிற்பார்.

ஐயா, வணக்கமுங்க. திருப்பூரில் இரண்டே கால் செண்டில் எங்கள் வீடு. இரண்டு பக்கமும் வீடு, பொதுச்சுவர், நடுவில் சந்து கூடக் கிடையாது. கீழே அண்டர்கிரவுண்டில் பவர்டேபிள் (பனியன் தைக்கிற யூனிட்) நடத்துகிறோம், ஆறு மெஷின். மூன்று வருடமாக மழைக்காலத்தில் தரையும் சுவரும் சேருகிற மூலையில் தண்ணீர் ஊறுகிறது. இரண்டு தடவை வாட்டர்புரூஃப் பூச்சு அடித்தோம், ஒரு மழை தாங்கியது, அடுத்த மழைக்கு அப்பளம் மாதிரி எழும்பிவிட்டது. இப்போது வந்து பார்த்தவர் உள்ளேயே சுற்றிலும் தரையை உடைத்து, வாய்க்கால் விட்டு, மோட்டார் வைக்கச் சொல்கிறார். வீட்டுக்குள் கிணறு வெட்டுவதா என்று அம்மா பயப்படுகிறார். செய்யலாமுங்களா? (வாசகர், திருப்பூர்)

செய்யலாம் தம்பி. உங்கள் மாதிரி வீட்டுக்கு அதுதான் வழி. ஆனால் வந்தவர் சொன்ன வரிசையில் செய்ய வேண்டாம்.

முதலில் பூச்சு ஏன் நிற்கவில்லை என்று பார்ப்போம். சுவருக்கு வெளியே மண்ணில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏறி நின்றால், உங்கள் தரையைக் கீழேயிருந்து சதுர மீட்டருக்கு 1 டன் கணக்கில் அது தள்ளும். நீங்கள் போட்டிருக்கும் 4 இன்ச் கான்கிரீட் தரையின் எடை சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 240 கிலோதான். அதாவது கால் மீட்டர் தண்ணீர் ஏறினாலே தரையின் எடைக்குச் சமமாகிவிடும். மேலே அடிக்கிற பூச்சோ உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தண்ணீர் முதுகுப்பக்கமிருந்து தள்ளுகிறது, எத்தனை நாளைக்குத் தாங்கும்? வெளிப்பக்கம் தோண்டி அங்கே பூச்சு அடித்தால் தண்ணீரே பூச்சைச் சுவரோடு சேர்த்து அழுத்திக்கொடுக்கும், அது நல்ல வைத்தியம். உங்களுக்கு வெளிப்பக்கம் என்றால் பக்கத்து வீட்டுக்காரரின் ஹால். ஆகவே தடுக்கிற எண்ணத்தை விட்டுவிட்டு, வருகிற தண்ணீருக்கு ஒரு வழி விட்டு, அது தரைக்கு மேலே வரும் முன் பிடித்து வெளியே அனுப்புவதுதான் மிச்சம். தோட்டத்தில் தண்ணீர் தேங்கினால் வாய்க்கால் எடுத்து விடுவோமில்லையா, அதே வேலை, தரைக்கு அடியில்.

உடைப்பதற்கு முன் தரை எந்த மாதிரி என்று பாருங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரே ஒரு ஓட்டை, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, டிரில்லில் போட்டுப் பாருங்கள். நாலைந்து இன்ச்சில் மண்ணோ கிராவலோ வந்துவிட்டால் அது சாதாரணத் தரை, வெட்டலாம். அரை அடிக்கு மேலேயும் கான்கிரீட்டாகவே போய், நடுவில் கம்பியும் தட்டினால் அதோடு நிறுத்திவிடுங்கள். அது ராஃப்ட், வீட்டு எடையே அதன் மேல்தான் நிற்கிறது, அதை வெட்டுவது வீட்டின் காலை வெட்டுவது மாதிரி. போட்ட ஓட்டையை மட்டும் நன்றாக அடைத்துவிடுங்கள். அப்படிப்பட்ட வீட்டில் தரையைத் தொடாமல், சுவரோரம் தரைக்கு மேலேயே ஒரு சின்னக் கட்டை கட்டி அதற்குள் தண்ணீரை ஓடவிட வேண்டியதுதான். அழகாக இருக்காது, பாதுகாப்பாக இருக்கும்.

சாதாரணத் தரை என்றால், சுவரோரம் ஒரு அடி அகலத்துக்கு வெட்டியெடுத்து வாய்க்கால் தோண்ட வேண்டும். இங்கேதான் ஒட்டு வீட்டுக்காரர் கவனிக்க வேண்டிய இடம். எவ்வளவு ஆழம் போனாலும் அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போகக் கூடாது. அந்த அஸ்திவாரம் உங்களுடையது மட்டுமில்லை, பக்கத்து வீடும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறது. நாலு சுவரோரமும் ஒரே நாளில் திறந்துபோட்டுவிட்டு ஆள் டீ குடிக்கப் போனால் அன்றைக்கே மழை வரும், எனக்குத் தெரியும். மூன்று மூன்று அடியாக, ஒன்று விட்டு ஒன்று வெட்டி, குழாய் வைத்து ஜல்லி நிரப்பிவிட்டு அப்புறம் நடுவில் விட்டதை எடுக்கச் சொல்லுங்கள். கூலி இரண்டு மூன்று நாள் கூடும், கூடட்டும்.

வாய்க்காலுக்குள் முதலில் ஜியோ துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் வடிகட்டித் துணி) விரித்து, அதன் மேல் கொஞ்சம் கழுவிய முக்கால் இன்ச் ஜல்லி, அதன் மேல் ஓட்டை போட்ட 4 இன்ச் பி.வி.சி. குழாய், சுற்றிலும் மேலேயும் மறுபடி ஜல்லி, கடைசியில் துணியை மடித்து மூட வேண்டும். கழுவிய ஜல்லி என்று சொன்னது சும்மா இல்லை, கிரஷர் தூளோடு அப்படியே கொட்டினால் முதல் மழையிலேயே தூள் துணியில் அப்பிக்கொள்ளும். குழாயின் ஓட்டைகள் கீழ்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். மேல்பக்கம்தானே தண்ணீர் விழும் என்று திருப்பி வைப்பவர்கள் உண்டு, ஆனால் தண்ணீர் மேலிருந்து விழுவதில்லை, கீழிருந்து ஏறி வருகிறது. ஓட்டை கீழே இருந்தால் மட்டம் தாழ்வாக இருக்கும்போதே பிடித்துவிடும். வாட்டம் 100-க்கு 1, அதாவது பத்தடிக்கு ஒன்றேகால் இன்ச் அளவு, டியூப் லெவல் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூலையிலும் தரைமட்டத்தில் மூடி போட்ட ஒரு வாய் விட்டுவிடுங்கள், நம்ம ஊர் உப்புத் தண்ணீரில் சுண்ணாம்பு படிந்து குழாய் அடைக்கும், வருடத்துக்கு ஒருமுறை புரட்டாசியில் ஓஸ் விட்டு அலசினால் சரியாகிவிடும்.

சுவர் ஹாலோ பிளாக்காக இருந்தால் இன்னொன்று. அந்தக் கல்லின் பொந்துகளுக்குள்ளேயே தண்ணீர் தேங்கி நிற்கும். கடைசி வரிசைக் கல்லில் ஒவ்வொரு பொந்துக்கும் அரை இன்ச் ஓட்டை போட்டுவிட்டால், புண்ணைக் கீறிவிட்ட மாதிரி வாய்க்காலில் வடிந்துவிடும். சில வீட்டில் முதல் நாள் வாளிக் கணக்கில் வரும், பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறு. தோண்டும்போது ஊற்று வாயைக் குனிந்து பாருங்கள். தெளிந்த தண்ணீர் குமிழ் விட்டு வந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் தண்ணீரோடு மாவு மாதிரி மண் சுழன்று சுழன்று வந்து, வாயைச் சுற்றி எறும்புப் புற்று மாதிரி வட்டமாகக் குவிந்தால் வேலையை நிறுத்திவிடுங்கள். அந்த மண் எங்கிருந்தோ வருவதில்லை, அஸ்திவாரத்துக்கு அடியிலிருந்து வருகிறது. துணியும் ஜல்லியும் வைத்து அந்த வாயை முதலில் அமுக்கிவிட்டு, ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டாமல் மேற்கொண்டு ஒரு கடப்பாரை கூடப் போடக் கூடாது.

அம்மாவிடம் சொல்லுங்கள், இது கிணறு இல்லை, வாய்க்கால் தண்ணீர் வந்து சேருகிற, இரண்டடி அகலம் மூன்றடி ஆழத்தில் மூடி போட்ட வடிகுழி. அதையும் சுவரோரம் வெட்டாமல் கொஞ்சம் தள்ளி வெட்டச் சொல்லுங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும், ஏடிஸ் கொசுவுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. அப்புறம் ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன்: இதெல்லாம் செய்தாலும் சுவர் காயாது. தரையில் தண்ணீர் நிற்காது, அவ்வளவுதான். சுவரில் ஓதம் இருக்கும், உப்புப் பூக்கும், கட்டிங் பீஸ் மூட்டையைச் சுவரில் சாய்த்தால் கறை பிடிக்கும். ரேக்கை அரை அடி தள்ளிப் போடுங்கள். மெஷினுக்குப் போகும் வயரெல்லாம் இடுப்பு உயரத்துக்கு மேலே ஏறட்டும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்திவிடும் ஸ்விட்ச்) ஒன்று கட்டாயம். ஈரத் தரையில் ஆறு பேர் பெடல் மிதிக்கிற இடம் அது.

எங்கள் வீடு பெருந்துறைப் பக்கம், வரிசை வீடு. மழையே இல்லாத ஆவணியில் அண்டர்கிரவுண்டில் தண்ணீர் வருகிறது. தை, மாசியில் மறுபடி. மழைக்காலத்தில்கூட இவ்வளவு இல்லை. பக்கத்து வீட்டுக் குழாய் உடைந்திருக்கும் என்று சண்டை போட்டு அவர்கள் தரையையும் உடைத்துப் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் இல்லை. (வாசகி, ஈரோடு மாவட்டம்)

அம்மணி, பக்கத்து வீட்டில் முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். உங்கள் காலண்டரில் தண்ணீர் வந்த தேதிகளையும், கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் திறந்த தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் ஆகஸ்ட் நடுவில் ஒரு திறப்பு, பொங்கலை ஒட்டி இன்னொன்று. பவானிசாகரிலிருந்து 200 கிலோமீட்டர் போகிற இந்த வாய்க்கால் மண் வாய்க்காலாக வெட்டியது, கசிவு அதன் கூடவே பிறந்தது. அந்தக் கசிவில்தான் வாய்க்காலுக்குக் கீழே இருக்கிற கிணறுகள் ஊறுகின்றன, அதற்காகத்தான் கான்கிரீட் போடக் கூடாது என்று விவசாயிகள் அத்தனை போராட்டம் நடத்தினார்கள். அவர்கள் கிணற்றில் ஊறுவது வரம், உங்கள் அண்டர்கிரவுண்டில் ஊறுவது தலைவலி, தண்ணீர் ஒன்றுதான். காலிங்கராயன் வாய்க்கால் ஓரம் இருக்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

தெருவிலேயே உங்கள் வீட்டில் மட்டும்தான் அண்டர்கிரவுண்டு என்றால், தெருவுக்கெல்லாம் கிணறு நீங்கள்தான். நீங்களும் உள்வாய்க்கால் போடலாம், ஆனால் திருப்பூர்த் தம்பிக்கு மழை நாளில் மட்டும் ஓடுகிற மோட்டார் உங்களுக்குத் தண்ணீர் திறந்திருக்கிற மாதக் கணக்கு முழுக்க ஓடும். கரண்ட் பில்லையும் தேய்மானத்தையும் கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். தண்ணீர் அரை அடிதான் ஏறுகிறது என்றால், அறை உயரம் இடம் கொடுத்தால், தரையை ஒரு அடி உயர்த்தி அதற்கு அடியில் ஜல்லியும் குழாயும் போட்டுவிடுவது காலத்துக்கும் மலிவு.

உங்கள் ஊர் மண் கரிசலாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. வடிகுழியில் மட்டத்தை எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறக்க வேண்டும் என்று மோட்டாரை அடியில் வைத்து உறிஞ்சாதீர்கள். கரிசல் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். தரைக்கு அரை அடி கீழே தண்ணீர் நின்றால் போதும்.

கோவையில் எங்கள் அண்டர்கிரவுண்டில் ஒரு மூலையில் மட்டும் வருடம் முழுக்க, கோடையிலும், தெளிவான தண்ணீர். உள்வாய்க்கால் போட ஆள் கேட்டிருக்கிறேன். சரியா? (வாசகர், கோவை)

இன்னும் போடாதீர்கள். மழைக்கும் குளத்துக்கும் சம்பந்தமில்லாமல் கோடையிலும் வருகிற தண்ணீர் பெரும்பாலும் யாரோ காசு கட்டுகிற தண்ணீர். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும், வாங்கி உங்கள் போர் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் ஊறுகிற தண்ணீரையும் அளந்து பாருங்கள். சிறுவாணி வருகிற வீடாக இருந்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும், சிறுவாணியில் உப்பு மிகக் குறைவு, நம்ம போர் தண்ணீரோ பல இடத்தில் ஆயிரத்தைத் தாண்டும். சுவர் வழியாக வரும்போது கொஞ்சம் சுண்ணாம்பு சேர்ந்து ஏறும், அதற்கு இடம் விட்டுப் பாருங்கள். அப்புறம் ராத்திரி படுக்கும்போது சம்பின் உள்சுவரில் தண்ணீர் மட்டத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு, வரத்தையும் மோட்டாரையும் நிறுத்திவிட்டுக் காலையில் பாருங்கள். கோடு மேலே தெரிந்தால் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்.

சாக்கடைச் சேம்பரையும் சந்தேகப்படுங்கள். கொஞ்சம் சாயப்பொடி கரைத்து டாய்லெட்டில் ஊற்றிவிட்டு ஒரு நாள் காத்திருங்கள். சாயம் வந்தால் அது வடிகால் வேலையில்லை, பிளம்பர் வேலை.

மழைநீர் சேகரிப்புக் குழி எங்கே இருக்கிறது? இதைக் கேட்க எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான், ஏனென்றால் 2003-இல் எல்லா வீட்டுக்கும் கட்டாயமாக்கியபோது அவசர அவசரமாக என் வீட்டில் நானே ஆளை வைத்துக் குழி தோண்டினேன், வாசலில் இருந்த இடம் அவ்வளவுதான் என்று சுவரிலிருந்து இரண்டடியில். மொட்டை மாடித் தண்ணீர் முழுவதையும் குழாய் போட்டு அழைத்துவந்து அண்டர்கிரவுண்டுச் சுவருக்கு நானே ஊட்டிவிட்டிருக்கிறேன். இரண்டு மழைக்காலம் பக்கத்து வீட்டு பாத்ரூமைத் திட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வருடம் குழிக்குப் போகிற குழாயை ஒரு வாரம் கழற்றிவிட்டதும் சுவர் காய ஆரம்பித்தது. ஒட்டு வீட்டில் பத்தடி தள்ள இடமில்லை என்றால் குழி வேண்டாம், மழைத் தண்ணீரை நேராகச் சம்பில் பிடியுங்கள், அல்லது ஆழமாகக் கேசிங் இறக்கிய பழைய போரில் வடிகட்டி விடுங்கள்.

இதெல்லாம் பார்த்தும் இல்லை என்றால், அண்டர்கிரவுண்டுச் சுவரில் இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் அறைப் பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் அது காற்றின் ஈரம், ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போதும். சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் மறுபடி எழுதுங்கள்.

உள்வாய்க்கால் போட்டு மோட்டார் வைத்துவிட்டேன். நான் தண்ணீர் இறைப்பதால்தான் தன் சுவரில் விரிசல் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார். தண்ணீரைப் பாதாளச் சாக்கடையில் விடுவதற்கும் திட்டுகிறார். (வாசகர், சேலம்)

இரண்டாவது விஷயத்தில் அண்ணன் பக்கம் நியாயம் இருக்கிறது. பாதாளச் சாக்கடை கழிவுநீருக்கு மட்டும், ஊற்றுத் தண்ணீரையும் மழைத் தண்ணீரையும் அதில் விட்டால் தெருவில் யாராவது ஒருவர் வீட்டு டாய்லெட் வழியாக எழும்பும். மழைநீர் வடிகாலில் விடுங்கள், மாநகராட்சியில் கேட்டுவிட்டு. வாசலிலேயே கொட்டினால் சுவரோரம் இறங்கி மறுபடி உங்கள் குழிக்கே வரும், மோட்டார் அதே தண்ணீரைச் சுற்றிச் சுற்றி இறைத்துக்கொண்டிருக்கும். நாற்றமில்லாத தண்ணீர் என்றால் பாதியை டாய்லெட்டுக்கும் வண்டி கழுவவும் வைத்துக்கொள்ளலாம்.

விரிசலைப் பற்றி வாயால் பேசித் தீராது. அவர் வீட்டுக்குப் போய் அவரையும் கூட வைத்துக்கொண்டு, விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி, போட்டோ எடுங்கள். இரண்டு மாதத்தில் கோட்டைத் தாண்டி நீளாவிட்டால் அது பழைய விரிசல். நீண்டால் அவர் சொல்வது சரியாக இருக்கலாம், மோட்டாரின் மட்டத்தை உயர்த்திவிட்டு இன்ஜினியரிடம் காட்டுங்கள். வேலை தொடங்கும் முன்பே இதைச் செய்திருக்க வேண்டும். இனி தொடங்கப் போகிறவர்கள் செய்யுங்கள்.

வடிகுழிக்கு எத்தனை எச்.பி. மோட்டார்? கரண்ட் போனால் என்ன செய்வது? (இருவர் கேட்டது, பொள்ளாச்சி, கரூர்)

பம்ப் தயாரிக்கிற ஊர்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு எல்லோரும் ஒரு எச்.பி., இரண்டு எச்.பி. என்றே பேசுகிறோம். மழை நாளில் குழியை இறைத்துவிட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை இன்ச் ஏறுகிறது என்று பாருங்கள். இரண்டடிச் சதுரக் குழியில் நிமிடத்துக்கு 4 இன்ச் ஏறினால் 37, 38 லிட்டர் வருகிறது என்று அர்த்தம். அண்டர்கிரவுண்டிலிருந்து தெருவுக்கு ஏற்றுகிற உயரத்துக்கு, அரை எச்.பி. வடிகால் பம்ப் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் தள்ளும். அது போதும். போர்வெல் சப்மெர்சிபிளைக் கொண்டுவந்து குழியில் இறக்காதீர்கள், அது இந்த வேலைக்குச் செய்ததில்லை, மண் தண்ணீரில் சீக்கிரம் போய்விடும். மிதவை ஸ்விட்ச் குழியின் பக்கத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று கையால் தூக்கிப் பாருங்கள், மாதம் ஒருமுறை ஒரு வாளி ஊற்றிப் பாருங்கள். மேலே போகிற குழாயில் என்.ஆர்.வி. (தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு) இல்லாவிட்டால் ஏற்றிய தண்ணீர் திரும்பி விழுந்து மோட்டார் நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்.

கரண்ட் போவது நல்ல மழையில்தான். ஃபேனுக்கும் லைட்டுக்கும் வைத்திருக்கிற 900 வி.ஏ. இன்வெர்டரில் அரை எச்.பி. மோட்டார் ஓடும் என்று நம்பாதீர்கள், ஓடும்போது 600 வாட் பக்கம்தான், கிளம்பும்போது அதைப் போலப் பல மடங்கு இழுக்கும், இன்வெர்டர் கத்திவிட்டு நின்றுவிடும். 2 கே.வி.ஏ. போல ஒன்று தனியாக வேண்டும். ஜெனரேட்டர் வைத்தால் தயவுசெய்து வெளியே, காற்றோட்டத்தில். அண்டர்கிரவுண்டில் வைத்து ஓட்டினால் அந்தப் புகை ஆளைக் கொன்றுவிடும்.

தண்ணீர் ஊறுகிற சுவரில் கிரானைட் ஒட்டிவிட்டால் மறைந்துவிடுமா? (வாசகர், நாமக்கல்)

மறைந்துவிடும், கிரானைட் விழுகிற வரைக்கும்.